பத்தும் இரண்டும்: இந்திர லால் ராயும் ஹர்தித் சிங் மாலிக்கும்

சோனாப்பூரில் விமானச் சத்தம் ஓய்ந்திருக்கும் நேரம் குறைவு. ஒரு பக்கம் துபாய் விமான நிலையம், மறுபக்கம் ஷார்ஜா எல்லை. இங்கே கேம்ப் அறைகளில் வாழ்பவர்களில் பலர் வாழ்க்கையில் முதன்முதலாக விமானம் ஏறியதே இந்த ஊருக்கு வரத்தான். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உடம்பு தேறுமா என்பது ஒன்று. எந்த நாட்டுக்காரர் என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் தேறாதவருக்கு ‘மெடிக்கல் அன்ஃபிட்’ என்று தாள் வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கான பதிலை யாராலும் மாற்ற முடியாது. முதல் உலகப் போரின்போது, விமானத்தை ஓட்டவே ஆசைப்பட்ட இரண்டு இந்திய இளைஞர்கள் இங்கிலாந்தில் இதே இரு கேள்விகளின் முன் நின்றார்கள். இந்திர லால் ராய் முதல் கேள்வியில் தடுக்கப்பட்டார், ஹர்தித் சிங் மாலிக் இரண்டாவதில். இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதற்கு இந்த ஒற்றுமைதான் முதல் காரணம்.

வழக்கமாக இவர்களை ஒப்பிடுபவர்கள் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவார்கள். ராய் வீழ்த்திய எதிரி விமானங்கள் 10. மாலிக்கின் பெயரில் சொல்லப்படுபவை 2. ஐந்தும் அதற்கு மேலும் வீழ்த்தியவரை ‘ஏஸ்’ என்று கொண்டாடும் மரபுப்படி முன்னவர் ஏஸ், பின்னவர் இல்லை. ராய் 19 வயதில் இறந்தார். மாலிக் 90 வயது வரை வாழ்ந்தார். கணக்கு இங்கே முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் இந்த எண்கள் இருவரையும் பிரித்துக் காட்டுவதில் மட்டுமே வல்லவை. இருவரும் எங்கே ஒன்றுபடுகிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. அந்த இடம் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. படையில் சேர்வதற்கான போராட்டத்திலும், மருத்துவமனைக் கட்டிலிலும், மறுமுறை பறக்க அனுமதி கேட்டு நின்ற நாட்களிலும் இவர்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள்.

பிறப்பில் நான்காண்டு இடைவெளி. மாலிக் 1894 நவம்பரில் ராவல்பிண்டியில், ராய் 1898 டிசம்பரில் கல்கத்தாவில். இரண்டும் வசதியான குடும்பங்கள். இரண்டு பிள்ளைகளும் இங்கிலாந்தில் படித்தவர்கள். ஆனால் வந்த விதம் வேறு. மாலிக் 14 வயதில் பெற்றோரைப் பிரிந்து வந்தவர்; ஈஸ்ட்போர்ன் கல்லூரி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரி, இடையே சசெக்ஸ் மாவட்ட அணிக்காகக் கிரிக்கெட் என்று ஆங்கில மேட்டுக்குடியின் நடுவில் தனியாளாகத் தன் இடத்தைத் தேடிக்கொண்டவர். ராயோ தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் லண்டனில் வளர்ந்தவர். தாய் லலிதா ராய், 1911 ஜூனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டன் வீதிகளில் நடந்த முடிசூட்டு ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு அணிவகுத்தவர். மறுக்கப்பட்டதைக் கேட்டுப் பெறுவது அந்த வீட்டின் வழக்கம் என்று சொன்னால் மிகையாகாது. மாலிக்குக்கு அந்தப் பழக்கத்தைக் கற்பித்தது விடுதி வாழ்க்கையும் விளையாட்டுத் திடலும்.

ராய் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே பதுங்குகுழிக்கான சிறு பீரங்கி ஒன்றை வடிவமைத்து வரைபடத்தைப் போர் அமைச்சகத்துக்கு அனுப்பியவர். அப்படிப்பட்ட பையனை, பிரிட்டனின் அன்றைய விமானப்படையான ராயல் ஃபிளையிங் கோர், கண் பார்வை போதாது என்று திருப்பி அனுப்பியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு லண்டனின் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டார். அந்த மருத்துவரின் சொல் முதல் தீர்ப்பை மாற்றியது. ஊரில் நகையை அடகு வைத்து மெடிக்கலுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் புரட்டியவர்களுக்கு இந்த மோட்டார் சைக்கிளின் விலை என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கையில் இருந்ததில் விற்கத் தக்க ஒரே பொருளை விற்று, ஒரு தாளில் இருந்த ஒரு சொல்லை அவர் மாற்றி எழுதவைத்தார்.

மாலிக்கின் உடம்பில் குறை காண ஒன்றுமில்லை. மாவட்ட அளவில் கிரிக்கெட் ஆடும் உடல், கோல்ஃப் பழகிய கண். அவருடைய ஆங்கிலேய நண்பர்கள் அதிகாரிகளாகப் போருக்குப் போனார்கள். அவருக்கு மட்டும் அந்தப் பதவி மறுக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிக்குச் சமமான அந்தஸ்து போர்ப்படைகளில் இந்தியருக்கு 1917 வரை எட்டாக்கனியாகவே இருந்தது. எதை விற்றும் இந்தப் பதிலை மாற்ற முடியாது. அதனால் அவர் பக்கத்து நாட்டு வழியைப் பிடித்தார். 1916இல் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிறகு பிரெஞ்சு விமானப்படையிடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். செய்தி அறிந்த அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் அர்குவார்ட் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் குடிமகனான ஓர் இந்தியனுக்குப் பிரான்ஸ் விமானம் கொடுக்கிறது, பிரிட்டன் மறுக்கிறது, இது வெட்கக்கேடு என்ற பொருள்பட ஃபிளையிங் கோரின் தலைவர் ஜெனரல் ஹெண்டர்சனுக்குக் கடிதம் எழுதினார். கதவு திறந்தது. 1917 ஏப்ரல் 5 அன்று மாலிக் அதிகாரியானார்.

அதே ஏப்ரல் மாதத்தில்தான் ராயும் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஜூலை 5 அன்று அதிகாரியானார். சரியாக மூன்று மாத இடைவெளி. இந்தத் தேதிப் பொருத்தத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1917 ஏப்ரலைப் பிரிட்டிஷ் விமானிகள் ‘இரத்த ஏப்ரல்’ என்றே அழைத்தார்கள். அந்த ஒரே மாதத்தில் 200க்கும் மேற்பட்ட விமானங்கள் போயின. புதிதாக வந்தவர்கள் சில வாரங்களைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. ஆகவே, சிபாரிசுக் கடிதமும் மோட்டார் சைக்கிளும் கதவைத் தட்டியது உண்மை என்றாலும், உள்ளே ஆள் தேவை அதிகமாக இருந்ததும் உண்மை. இரண்டில் எது கதவைத் திறந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: தேவை எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், இந்தியரில் நான்கு பேரே விமானிகளாக முடிந்தது. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினார்கள். இந்த வளைகுடாவின் தலைமாட்டில், பஸ்ராவிலும் அதற்கு அப்பாலும், துப்பாக்கி ஏந்தியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் பாதை போட்டவர்களும் அவர்களில் அடக்கம். அந்தப் பத்து லட்சத்தில் நால்வர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம் இருவரின் பிடிவாதம் எத்தகையது என்பது தெரியும். அவர்களின் வசதியும் தெரியும். ஜெனரலுக்குக் கடிதம் எழுதும் ஆசிரியரும், விற்பதற்கு ஒரு மோட்டார் சைக்கிளும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

படைக்குள் நுழைந்த பிறகும் மாலிக்கைப் பழைய கேள்வி விடவில்லை. தலைப்பாகையைக் கழற்ற அவர் மறுத்தார். தலைப்பாகையின் மேல் அணியும் அளவுக்குப் பெரிய தலைக்கவசம் ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டார். அதன் வினோதத் தோற்றத்தைப் பார்த்து, பறக்கும் குட்டிச்சாத்தான் என்ற பொருளில் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ராய்க்கு வீட்டில் ‘லாடி’ என்று செல்லப்பெயர். ஒருவரைப் பட்டப்பெயர் அந்நியராகக் காட்டியது; மற்றவரைச் செல்லப்பெயர் அந்த ஊர்ப் பையனாகவே காட்டியது. ஆனால் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்கத் தேவையில்லை. மாலிக்கின் தலைக்கவசத்தைக் கேலி செய்தவர்களே சில மாதங்களில் அவரோடு ஒரே மேசையில் உண்டு, ஒரே அணியில் பறந்தார்கள்.

இனி 1917 அக்டோபர். மாலிக் சேர்ந்தது 28ஆம் ஸ்குவாட்ரன். சோப்வித் கேமல் விமானங்களோடு அந்த மாதம்தான் பிரான்ஸ் போர்முனைக்கு வந்த புதிய அணி. அவருடைய குழுத்தலைவர் கனடாவின் வில்லியம் பார்க்கர், துணிச்சலுக்குப் பெயர் போனவர். பாஷண்டேல் சண்டை உச்சத்தில் இருந்த அக்டோபர் 26 அன்று, பறப்பதற்குச் சற்றும் உகந்ததல்லாத வானிலையில், பார்க்கர் மாலிக்கையும் இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு எதிரி எல்லைக்குள் புகுந்தார். ஜெர்மானிய விமானங்கள் சூழ்ந்தன. மாலிக் ஒன்றை வீழ்த்தினார். உடனே அவர் காலில் குண்டுகள் பாய்ந்தன. கூட்டத்திலிருந்து பிரிந்து, தாழப் பறந்து, துரத்துபவர்கள் விடாமல் சுட்டுக்கொண்டே வர, தன் பக்கத்து எல்லையைத் தாண்டி விழுந்து நினைவிழந்தார். அந்த விமானத்தில் 400க்கும் மேற்பட்ட ஓட்டைகள் இருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். இரண்டு குண்டுகள் கடைசிவரை அவர் காலிலேயே தங்கிவிட்டன.

நான்கே நாட்கள் கழித்து, அக்டோபர் 30 அன்று, ராய் பிரான்சில் 56ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். மாலிக்கைக் கட்டிலில் சாய்த்துவிட்டுக் காலம் ராயைப் போர்முனைக்குக் கூட்டி வந்தது. 56 பிரிட்டனின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. ஜேம்ஸ் மெக்கடன் போன்றவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த அணியில் ராய் ஒரு வெற்றியும் பெறவில்லை. டிசம்பர் 6 அன்று அவருடைய எஸ்.இ.5ஏ விமானம் தரையிறங்கும்போது நொறுங்கியது. அவரைப் பிணவறையில் கிடத்தினார்கள் என்றும், நினைவு திரும்பிக் கதவைத் தட்டியபோது காவலாள் அலறிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதையை எவ்வளவு நம்புவது என்பது வாசிப்பவர் விருப்பம். அவர் பலத்த காயத்தோடு இங்கிலாந்து திரும்பினார் என்பதும், மீண்டும் பறக்கத் தகுதியற்றவர் என்று மருத்துவர்கள் சொன்னார்கள் என்பதும் சந்தேகமற்றவை.

ஆறு வார இடைவெளியில் இருவரும் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார்கள். ஒருவர் பெயர் பெற்ற தலைவரின் பின்னால் போய் விழுந்தார். மற்றவர் பெயர் பெற்ற அணியில் இருந்து விழுந்தார். சிறந்தவர்களின் அருகாமை மட்டுமே புதியவரைக் காப்பாற்றாது என்பதற்கு இந்த இரண்டு விபத்துகளும் ஒன்றுக்கொன்று சாட்சி.

இதன் பிறகுதான் இருவரின் பாதைகளும் விலகுகின்றன. விலகியதற்கான காரணம் வீரத்தில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. கேமல் விமானத்தின் எஞ்சின் சுழல்வகையைச் சேர்ந்தது. உருளைகள் முழுவதும் உந்துவிசிறியோடு சேர்ந்து சுழலும். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய்தான் அதற்கு ஏற்றது. அதனால் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். எஞ்சின் அந்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தாது. புகையோடும் துளியோடும் வெளியே வீசிவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் முகத்திலும் மூச்சிலும் அது படியும். இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போன ஆமணக்கு விதைதான் அந்த எண்ணெய்க்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று. கால் ஆறி, இத்தாலிக்குப் போயிருந்த தன் அணியோடு மறுபடி சேர்ந்த மாலிக்கின் உடல் அந்த விளக்கெண்ணெயைத் தாங்கவில்லை. ஒவ்வாமை அவரைப் படுக்கையில் தள்ளியது. பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்டவரை இப்போது உடம்பு தடுத்தது.

ராயின் எஸ்.இ.5ஏ வேறு இனம். நீரால் குளிரும் எஞ்சின், நிலையாக நிற்கும் உருளைகள். எண்ணெய் உள்ளேயே சுற்றி வரும். கேமல் சட்டென்று திரும்பும், பழகாதவரைக் கொல்லும், எஸ்.இ.5ஏ நேராக, வேகமாக, உறுதியாகப் பறக்கும். கேமலின் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் விமானியின் முன்னால் இருக்கும், எஸ்.இ.5ஏயில் ஒன்று முன்னால், மற்றொன்று மேல் இறக்கையின் மீது. எது சிறந்தது என்று அன்றைய விமானிகளே ஒத்துக்கொண்டதில்லை. ராய் கேமல் அணிக்கும் மாலிக் எஸ்.இ.5ஏ அணிக்கும் அனுப்பப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் எண்கள் இடம் மாறியிருக்குமோ என்ற கேள்வி எனக்கு உண்டு. நிரூபிக்க வழியில்லை. ஆனால் மாலிக்கின் துணிவுக்கும் அவருடைய 2க்கும் நடுவே விளக்கெண்ணெய் இருந்தது என்பதை மறந்து அந்த எண்ணைப் படிப்பது நியாயமாகாது.

மாலிக் பிரிஸ்டல் ஃபைட்டர் என்ற இருவர் விமானத்துக்கு மாற்றப்பட்டார். முதலில் லண்டன் அருகே பிகின் ஹில்லில் 141ஆம் ஸ்குவாட்ரன். நகரத்தை ஜெர்மன் குண்டுவீச்சிலிருந்து காக்கும் வேலை. போர் முடியும் தறுவாயில் 11ஆம் ஸ்குவாட்ரனோடு மீண்டும் பிரான்ஸ். ராய்க்கும் இதே போன்ற ஓர் இடைக்காலம் இருந்தது. பறக்க முடியாதவராகத் தளவாட அதிகாரி வேலை பார்த்துக்கொண்டே, போர்விமானங்களைப் பென்சிலால் வரைந்து தள்ளினார். அந்த ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. பள்ளிப் பருவத்தில் பீரங்கி வரைந்த அதே கை. மேலதிகாரிகளை விடாமல் கேட்டு, மருத்துவர்களின் தீர்ப்பை இரண்டாம் முறையாக மாற்றவைத்து, 1918 ஜூன் 19 அன்று 40ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார்.

இங்கே வாய்த்த குழுத்தலைவர் அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் மெக்எல்ராய். அவருக்குக் குரு எட்வர்ட் மானக். உயரத்திலிருந்து, எதிரி அறியாமல், மிக நெருங்கிச் சென்று சுடுவதே மானக் வகுத்த முறை. அவசரத்துக்கும் தனி வீரத்துக்கும் அதில் இடமில்லை. இந்த வரிசையில் மூன்றாவதாக வந்தவர் ராய். பாருங்கள், மாலிக்குக்கு அஞ்சாத தலைவர் தொடக்கத்திலேயே கிடைத்தார். ராய்க்குப் பொறுமையான ஆசான் இரண்டாம் வருகையில் கிடைத்தார். முன்னவருக்குக் கிடைத்தது முன்மாதிரி. பின்னவருக்குக் கிடைத்தது பாடம். பார்க்கரின் வழியில் பார்க்கர் மட்டுமே பறக்க முடிந்தது என்பது என் எண்ணம். அவர் போருக்குப் பிறகும் வாழ்ந்து, 1930இல் விமான விபத்தில் இறந்தார்.

பாடத்தின் பலன் உடனே தெரிந்தது. 1918 ஜூலை 6 அன்று ராயின் முதல் வெற்றி. 8ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13இல் இரண்டு, 15இல் இரண்டு, 18இல் ஒன்று, 19இல் ஒன்று. பத்தில் இரண்டு மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டவை. இரண்டு வாரத்தில் ஓர் இளைஞரின் ஆற்றல் முழுவதும் கொட்டித் தீர்ந்தது. 22ஆம் தேதி கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபோக்கர் டி-7 விமானங்களோடு மோதியபோது ராயின் விமானம் எரிந்து விழுந்தது. பிரிட்டிஷ் விமானிகளுக்கு அந்தப் போரில் பாராசூட் கொடுக்கப்படவில்லை. நான்கு நாளில் மானக் இறந்தார். இன்னும் ஐந்து நாளில், ஜூலை 31 அன்று, மெக்எல்ராய். குருவும் சீடரும் சீடரின் சீடரும் பத்து நாட்களுக்குள். சிறந்த பாடத்துக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதைச் சமநிலைக்காகவாவது சொல்லியாக வேண்டும். மாலிக்கின் வழியைக் குறைத்துப் பேசுபவர்கள் இந்த மூன்று தேதிகளையும் கவனிக்க வேண்டும்.

செப்டம்பரில் ராய்க்கு டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் அறிவிக்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பெற்றபோது அவர் இல்லை.

மாலிக்கின் கதை போரோடு முடியவில்லை. ஐ.சி.எஸ். அதிகாரியானார், பஞ்சாபில் பணியாற்றினார், பாட்டியாலா சமஸ்தானத்தின் பிரதமராக இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் கனடாவுக்கான இந்தியாவின் முதல் ஹை கமிஷனர் அவரே. அடுத்து 1949 முதல் 1956 வரை பிரான்சில் தூதர். இந்த இரண்டு நாடுகளும் எனக்குப் பெரிய வியப்பைத் தருகின்றன. கனடா அவரைச் சண்டைக்கு அழைத்துச் சென்ற பார்க்கரின் மண். அங்கேதான் பார்க்கர் புதைக்கப்பட்டிருக்கிறார். பிரான்ஸ், அவரை முதலில் ஏற்றுக்கொள்ள முன்வந்த நாடு. அதன் வடபகுதியில் எஸ்தெவெல் என்ற சிற்றூரின் கல்லறையில் ராய் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்தக் கல்லில் வங்காளத்திலும் பிரெஞ்சிலும் வரிகள் உண்டு. இளைஞராகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்ட நாட்டுக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் நாட்டின் பிரதிநிதியாக மாலிக் போனார். ராய்க்கு அந்த மண்ணில் கிடைத்தது ஆறடி, மாலிக்குக்கு ஏழாண்டு.

ராய்க்குப் பின் என்ன மிஞ்சியது? இங்கேயும் தராசு ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. அவருக்கு மருமகன் முறையான சுப்ரதோ முகர்ஜி. மாமன் இறந்தபோது ஏழு வயதுப் பிள்ளை. இந்திய விமானப்படைக்கென்று பயிற்சிக்கு அனுப்பப்பட்ட முதல் இளைஞர்களில் ஒருவராகி, 1954இல் அந்தப் படையின் முதல் இந்தியத் தளபதியானார். இரத்த உறவின் வழியாக ராயின் ஆசை தொடர்ந்தது. மாலிக்கின் தொடர்ச்சி வேறு வகை. தலைப்பாகையோடு போர்விமானத்தில் உட்கார முடியும் என்று அவர் ஒருமுறை காட்டிய பிறகு அது கேள்வியாகவே நீடிக்கவில்லை. தலைப்பாகை அணிந்த அர்ஜன் சிங் 1964இல் அதே படையின் தலைவரானபோது யாரும் தலைக்கவசத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் ஒரு மருமகனை விட்டுச் சென்றார். மற்றவர் ஒரு வழக்கத்தை.

இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்த நாள் 1932 அக்டோபர் 8. அதே வாரம், அக்டோபர் 5 அன்று, லண்டன்–கராச்சி வழித்தடத்தில் பறந்த இம்பீரியல் ஏர்வேஸின் விமானம் ஷார்ஜாவில் புதிதாக அமைந்த மணல் தளத்தில் முதன்முதலாக இறங்கியது. சோனாப்பூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில், கிங் அப்துல் அஜீஸ் சாலையில், அல் மஹத்தா என்ற அருங்காட்சியகமாக இன்று அந்த இடம் இருக்கிறது. சாலையே அன்றைய ஓடுபாதை. லண்டனையும் இந்தியாவையும் இணைத்த அந்த வான்வழியில் பயணம் செய்யும் இந்தியர்களுக்கு அப்போதும் செல்வமோ பதவியோ வேண்டியிருந்தது. இந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாளில் போய்வரும் நம்மவர்கள் பழைய விமானங்களின் முன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று நாள் இடைவெளியில் நடந்த அந்த இரண்டு தொடக்கங்களையும் ஒன்றாகச் சொல்லும் பலகை ஒன்று அங்கே இருந்தால் நல்லது.

இருவரைப் பற்றியும் நமக்குத் தெரிந்தவை எந்த வழியில் வந்தன என்பதிலும் ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைத்தால் ஒப்பீடு நேர்மையாக இராது. ராயின் சண்டைகள் அன்றன்றே எழுதப்பட்ட அறிக்கைகளில் இருக்கின்றன: இடம், நேரம், எதிரி விமானத்தின் வகை, கண்ட சாட்சி. அவரது மனத்தை அறிய நமக்கு இருப்பவை பெரும்பாலும் படங்கள். மாலிக்கோ முதுமையில் தன் வரலாற்றை எழுதினார். அவருடைய அக்டோபர் 26 பற்றி நாம் அறிவதில் கணிசமான பகுதி அவர் சொன்னது. ஆகவே ராயின் சண்டைகளை நாம் கணக்கில் அறிகிறோம், மாலிக்கின் சண்டையை உணர்வில் அறிகிறோம். இறந்தவருக்கு ஆவணம் பேசுகிறது. வாழ்ந்தவர் தானே பேசினார். 10க்கும் 2க்கும் நடுவே தெரியும் தூரத்தில் ஒரு பங்கு இந்த ஆவண வேறுபாட்டால் வந்ததாகவும் இருக்கலாம். மழை மேகத்துக்குள் தனியாகப் போராடியவரின் வெற்றிக்குக் கீழே இருந்து சாட்சி சொல்ல யார் இருப்பார்?

இருவரை மட்டும் எடுத்துக்கொண்டதால் விடுபட்டவர்களும் உண்டு. எரோல் சந்தர் சென் கேமல் விமானத்தில் பறந்து, 1917 செப்டம்பரில், மாலிக் போர்முனைக்கு வருவதற்கு முன்பே, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். ஹோல்ஸ்மிண்டன் கைதி முகாமில் அவரது போர் கழிந்தது. பம்பாயிலிருந்து வந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 1918 ஜூன் இறுதியில், ராயின் முதல் வெற்றிக்குச் சில நாட்கள் முன்பு, பிரான்சில் உயிரிழந்தார். ஒருவர் ஏஸ் ஆகி மடிந்தார், ஒருவர் காயத்தோடு வாழ்ந்தார், ஒருவர் கைதியானார், ஒருவர் பெயர் வெளியே தெரியாமல் இறந்தார். நால்வரையும் சேர்த்து வைத்தால் 10, 2 என்ற அளவுகோல் முற்றிலும் உடைந்துபோகிறது. சென், வெலிங்கர் இருவரையும் இதே போல அருகருகே வைத்து யாராவது தமிழில் எழுத வேண்டும். பிரிட்டிஷ் ஆவணக் காப்பகங்களில் அவர்களுடைய பணிக்குறிப்புகள் வாசகருக்காகத் திறந்தே இருக்கின்றன.